சட்டத்துக்கு வெளியே தெரிவது: ரேஞ்ச்பைண்டர் காமிராவும் 1950 ஏப்ரலும்

புகைப்படக்கலை பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் ரேஞ்ச்பைண்டர் காமிராவுக்கென்று ஒரு புகழுரை வந்துவிடுகிறது. எஸ்.எல்.ஆர். காமிராவில் கண்ணை வைப்பவர் லென்ஸ் காட்டுவதை மட்டுமே காண்கிறார். ரேஞ்ச்பைண்டரில் கண்ணை வைப்பவரோ சட்டத்துக்கு வெளியே இருப்பதையும் காண்கிறார். ஆகவே உள்ளே நுழையப்போகிற மனிதரை முன்கூட்டியே அறிந்து உரிய நொடியில் விசையை அழுத்துகிறார் என்பது அதன் சாரம். இதற்குச் சான்றாக ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோனின் பெயரும் 'தீர்மானகரமான கணம்' என்ற தொடரும் தவறாமல் எடுத்துரைக்கப்படும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் தமிழ்நாட்டில் எடுத்தவற்றுள் தலையாயவை என்று நாம் கருதும் படங்களுக்கு, அதாவது 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் இறுதி நாட்களில் எடுத்த படங்களுக்கு, இந்த விளக்கத்தை அப்படியே ஒட்டவைக்க முடியாது என்பது நம் கட்சி. காரணம் எளிது. சட்டத்துக்கு வெளியே இருப்பதைத் தன் உடலிலுள்ள சாளரத்திலேயே காட்டும் லைக்கா அப்போது பிறந்திருக்கவில்லை. அது வர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

அதற்கு முந்தைய லைக்கா எப்படிப் பார்த்தது என்பதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த ஆஸ்கர் பார்னாக் சினிமாச் சுருளைப் பயன்படுத்தும் ஒரு சிறு காமிராவை வடிவமைத்தார். 1925இல் லைப்சிக் சந்தையில் அது விற்பனைக்கு அறிமுகமானது. ஒரு படத்தின் அளவு 24 × 36 மில்லிமீட்டர். லென்ஸின் குவியத்தூரம் 50 மில்லிமீட்டர். தலைப்பகுதியில் ஒரு சிறு குழல் இருந்தது. கலிலியோவின் தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்தால் உலகம் சுருங்கித் தெரியுமல்லவா, அதே தத்துவந்தான். அக்குழலின் விளிம்பே சட்டம். விளிம்புக்கு அப்பால் இருட்டு. தூரத்தை அளக்கத் தனிக் கருவியொன்றை மேலே செருகிக்கொள்ள வேண்டும், அல்லது உத்தேசமாகச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

1932இல் வந்த இரண்டாம் மாதிரியில்தான் தொலைவுமானி காமிராவின் உடலுக்குள்ளேயே புகுந்து லென்ஸோடு இணைந்தது. இரண்டு துளைகள் வழியே வரும் இரு பிம்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் தூரம் சரியாகிவிடும். பீரங்கிப் படையினர் பெரிய அளவில் செய்துவந்ததன் சிறு வடிவம் இது. ஆனால் படத்தின் எல்லையைப் பார்க்கும் கண்துளை வேறு, தூரத்தை அளக்கும் கண்துளை வேறு. ஒரு படம் எடுப்பதற்கு இரண்டு முறை பார்க்க வேண்டும். முதலில் ஒரு துளையில் கண்ணை வைத்து இரட்டை உருவங்களை ஒன்றாக்குதல். பிறகு கண்ணைச் சற்றே நகர்த்தி அடுத்த துளையில் படத்தை அமைத்தல். 1938இல் வந்த மாதிரியில் இரு துளைகளும் ஏறக்குறைய ஒட்டி அமைந்தன. ஆனாலும் இரண்டு இரண்டாகவே நீடித்தன.

இதை ஒரு குறைபாடு என்று கடந்துபோவது வழக்கம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. லைக்கா மூன்றாம் வரிசைக் காமிராக்களில் தொலைவுமானித் துளை உலகை ஒன்றரை மடங்கு பெருக்கிக் காட்டியது. படம் அமைக்கும் துளையோ பாதியாகச் சுருக்கிக் காட்டியது. அளப்பதற்குப் பெருக்கம் வேண்டும், அமைப்பதற்குச் சுருக்கம் வேண்டும். இரண்டு வேலைகளுக்கும் இரண்டு அளவுகள் தரப்பட்டிருந்தன. தொலைவுமானியின் நுட்பம் இரு துளைகளுக்கும் இடைப்பட்ட நீளத்தையும் பெருக்கத்தையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. சுமார் 39 மில்லிமீட்டர் இடைநீளத்தை ஒன்றரையால் பெருக்கினால் 58 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வருகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் கருவிக்கு இது பெரிய சாதனை. இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

போட்டி நிறுவனமான சைஸ் ஐகான் 1936இல் வெளியிட்ட இரண்டாம் காண்டாக்ஸ் இரு துளைகளையும் ஒன்றாக்கிவிட்டது. அதன் இடைநீளமும் சுமார் 90 மில்லிமீட்டர். பொறியியல் கணக்கில் அதுவே முன்னேறிய கருவி. ஆயினும் கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1930களின் தொடக்கத்தில் மார்செய் நகரில் வாங்கிய லைக்காவைவிட்டு அகலவில்லை. அதன் பளபளப்பான பாகங்களைக் கறுப்பு நாடாவால் மறைத்துக்கொண்டு திரிந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி.

அவர் 1947இல் முதன்முறை இந்தியாவுக்கு வந்தார். 1948 ஜனவரி 30ஆம் நாள் காந்தியைச் சந்தித்துத் திரும்பிய சிறிது நேரத்துக்குள் கொலை நிகழ்ந்ததும், அன்றிரவும் மறுநாளும் அவர் எடுத்த படங்கள் உலகெங்கும் சென்றதும் வரலாறு. பிறகு பர்மா, சீனா, இந்தோனேசியா என்று சுற்றி, ஜாவாவைச் சேர்ந்த நடனக் கலைஞரான மனைவி ரத்னா மோஹினியோடு 1950இல் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார்.

ரமணரின் இடது கையில் முழங்கைக்கருகே தோன்றிய கட்டிக்கு 1949இல் மட்டும் நான்கு முறை அறுவை நடந்தது. கையை எடுத்துவிடலாம் என்ற மருத்துவ யோசனையை அவர் ஏற்கவில்லை. இறுதி நாட்களில் ஆசிரமத்தின் ஒரு சிறிய அறையில் கிடந்தார். தரிசனத்துக்கு வந்தவர்கள் வரிசையாக அறையைக் கடந்து சென்றார்கள். ஒவ்வொருவருக்கும் கிடைத்தது சில நொடிகள்தாம். அந்த வரிசையின் நடுவேதான் ஒரு பிரெஞ்சுக்காரர் காமிராவோடு நிற்கிறார்.

இங்கே லென்ஸ் என்பது கலை விருப்பமாக இல்லாமல் அறையின் கணக்காக மாறிவிடுகிறது. 50 மில்லிமீட்டர் லென்ஸ் இரண்டு மீட்டர் தூரத்தில் மூன்று முழத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ காட்டும் என்றெல்லாம் குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டியதில்லை, துல்லியமாகவே சொல்லலாம். குறுக்கே 1.44 மீட்டர், நெடுக்கே 0.96 மீட்டர். படுத்திருக்கும் ஒரு மனிதர் முழுதாக அடங்க வேண்டுமானால் இன்னும் ஓரடி பின்னால் போக வேண்டும். பின்னால் சுவர் இருந்தால்? 35 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டினால் அதே இரண்டு மீட்டரில் 2.06 மீட்டர் அகலம் கிடைக்கும். மனிதரோடு கட்டிலும் சுவரும் சாளரமும் சேர்ந்து வரும். 90 மில்லிமீட்டரை மாட்டினால் 80 சென்டிமீட்டர் மட்டும் மிஞ்சும். முகமும் மார்பும் மாத்திரம். கார்த்தியே-பிரெஸ்ஸோன் 35ஐயும் 90ஐயும் கைவசம் வைத்திருந்தாலும் வாழ்நாள் முழுவதும் பெரும்பாலும் 50ஐயே பயன்படுத்தியவர். 50 என்பது ஒரு பார்வைக்கோணம் மட்டுமல்ல, ஒரு தூரமும்கூட. பேசினால் காதில் விழும் தூரம், ஆனால் கை நீட்டினால் தொட முடியாத தூரம். இறந்துகொண்டிருக்கும் ஒருவரிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது என்ற கேள்விக்கு அந்த லென்ஸ் ஏற்கெனவே ஒரு விடையைத் தந்துவிட்டிருந்தது. புகைப்படக்காரரின் பண்பு என்று நாம் போற்றுவதில் ஒரு பங்கு அவர் மாட்டியிருந்த கண்ணாடிக்கும் உரியது என்று சொன்னால் அவரைக் குறைத்துச் சொன்னதாகாது. அந்தக் கண்ணாடியைத் தேர்ந்தவர் அவர்தானே.

லென்ஸை மாற்றினால் காமிராவின் குழல் மாறாது. அது 50 மில்லிமீட்டருக்கு மட்டும் உரியது. ஆகவே லைட்ஸ் நிறுவனம் மேலே செருகும் துணை வியூபைண்டர்களை விற்றது. அவற்றுள் ஒன்று 'விடோம்'. ஒரு வளையத்தைத் திருப்பினால் 35 முதல் 135 வரை எந்த லென்ஸுக்கும் ஏற்பச் சட்டம் சுருங்கும். அதாவது பெருக்கம் மாறுவதில்லை. நாலாபுறமும் கறுப்புத் திரை உள்நோக்கி வந்து மூடிக்கொள்ளும். வெளியுலகம் இங்கும் இருட்டுதான். அதைவிட வியப்பு, அதில் காட்சி இடம் வலமாக மாறித் தெரியும். காமிராவைச் செங்குத்தாகப் பிடித்தால் தலைகீழாகவே தெரியும். கார்த்தியே-பிரெஸ்ஸோன் இதைப் பயன்படுத்தினார். 1940களில் எடுக்கப்பட்ட அவருடைய உருவப்படங்களில் லைக்காவின் தலைமேல் இந்தக் குழாய் உட்கார்ந்திருப்பதைக் காணலாம்.

இடம் வலம் மாறிய பிம்பம் நம்மூர்க்காரர்களுக்குப் புதிதன்று. ரோலிஃபிளெக்ஸும் யாஷிகா மேட்டும் வைத்துக் கல்யாணப் படம் எடுத்த தலைமுறை குனிந்து பார்த்த தேய்த்த கண்ணாடியில் மாப்பிள்ளை இடப்புறமும் பெண் வலப்புறமுமாக மாறித்தான் தெரிந்தார்கள். ஓடும் குழந்தையைப் பின்தொடரக் காமிராவை எதிர்ப்பக்கம் திருப்பவேண்டியிருக்கும். ஆனால் மாறித் தெரிவதில் ஓர் ஆதாயம் உண்டு. முகம் முகமாகத் தெரிவது குறைந்து, நிழலும் ஒளியும் கோடுமாகத் தெரிவது கூடுகிறது. ஓவியம் வரையக் கற்றுக்கொள்பவர்கள் படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். கார்த்தியே-பிரெஸ்ஸோன் ஓவியராகப் பயிற்சி பெற்றவர் என்பதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆக, பாதியாகச் சுருங்கிய ஒரு சுரங்கம், இல்லையேல் இடம் வலம் மாறிய ஒரு சுரங்கம். இதில் எங்கே சட்டத்துக்கு வெளியே வருவதை முன்னறிவது? வெளியே வருவதைப் பார்த்தது காமிரா அல்ல. காமிராவில் ஒட்டாத மற்றொரு கண்ணும், கருவியை முகத்துக்கு உயர்த்துவதற்கு முன்பிருந்த நேரமும். அந்தக் கருவி வேகமாகப் பார்க்க விடாது. ஆதலால் பார்த்து முடித்த பிறகே அதைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. 1932இல் பாரீஸின் சேன்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்த படம், தேங்கிய நீரின்மேல் ஒருவர் தாவும் புகழ்பெற்ற படம், இதற்கு ஒரு கடைக்கோடி உதாரணம். பலகை வேலியின் இடைவெளியில் லென்ஸைச் செருகித்தான் அதை எடுத்தார். தாவும் மனிதரைத் தம்மால் வியூபைண்டரில் பார்க்க முடியவில்லை என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். வேலி மறைத்த ஓரத்தை வெட்டவும் வேண்டியிருந்தது. படத்தை வெட்டுவதையே கொள்கையாக எதிர்த்தவர் செய்த அரிய விதிவிலக்குகளுள் ஒன்று அது. 'தீர்மானகரமான கண'த்தின் சின்னமாகவே ஆகிவிட்ட படத்தில் சட்டத்தின் உள்ளே இருந்ததுகூடத் தெரியவில்லை என்றால், வெளியே இருந்ததைப் பற்றிப் பேசுவானேன்?

அந்தத் தொடரும் அவர் சூட்டியதல்ல. 1952இல் வந்த அவருடைய நூலின் ஆங்கிலப் பதிப்புக்கு இட்ட பெயர் அது. பிரெஞ்சுப் பெயர் 'இமாழ் ஆ லா சொவெத்'. உரிமம் இல்லாமல் நடைபாதையில் துணி விரித்து விற்று, போலீஸ் தலை தெரிந்தால் நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவரைக் குறிக்கும் சொல் அது. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவை அறிந்தவர்களுக்கு அகராதி வேண்டாம். கணத்தைத் தீர்மானிக்கும் ஞானியின் பெருமிதம் அதில் இல்லை. சுருட்டிக்கொண்டு ஓடத் தயாராக இருப்பவரின் பதற்றம் இருக்கிறது. பிரெஞ்சுப் பெயரே நமக்கு நேர்மையானதாகப் படுகிறது.

திருவண்ணாமலையிலிருந்து அவர் புதுச்சேரிக்குச் சென்றார். அது அப்போது பிரெஞ்சு ஆட்சிப்பகுதி. ஆண்டுக்கு நான்கு நாட்கள் மட்டுமே தரிசனம் தந்துவந்த அரவிந்தரை ஏப்ரல் 24 தரிசன நாளை ஒட்டி அவரால் படமெடுக்க முடிந்தது. சுமார் முப்பது ஆண்டுகளாக அரவிந்தரை யாரும் படமெடுத்திருக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அரவிந்தர் மறைந்தார். தாம் பார்த்திருந்த பத்து நிமிடங்களில் அவர் ஒருமுறைகூட இமைக்கவில்லை என்று கார்த்தியே-பிரெஸ்ஸோன் குறித்துவைத்திருக்கிறார். கணத்தை வேட்டையாடப் பழகியவருக்கு இது எப்பேர்ப்பட்ட சோதனை! எதுவும் நகரவில்லை, எந்தக் கணமும் மற்றொன்றைவிடத் தீர்மானகரமானதில்லை. விளிம்புகளை எங்கே வைப்பது என்பது ஒன்றுதான் மிச்சம். அந்தப் படங்களை 'கணம்' என்ற சொல்லால் விளக்க முயல்பவர்கள் தோற்றுப்போவது இதனால்தான். அவை முழுக்க முழுக்கச் சட்டத்தின் படங்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்த அதே 1954இல், லைக்கா எம்3 வெளியானது. புகழுரைகள் பேசும் காமிரா இதுதான். இரு துளைகளும் ஒன்றாயின. சாளரத்தின் பெருக்கம் 0.91, அதாவது கண்ணால் நேரே பார்ப்பதற்கு ஏறக்குறைய சமம். வலக்கண்ணைச் சாளரத்தில் வைத்து இடக்கண்ணையும் திறந்திருந்தால் இரு காட்சிகளும் கலந்து, வெறும் வெளியில் ஒரு வெள்ளைச் சட்டம் மிதப்பதுபோலத் தோன்றும். 50, 90, 135 ஆகிய லென்ஸ்களை மாட்டும்போது அவற்றுக்குரிய கோடுகள் தாமே வந்து நிற்கும். கிட்டத்தில் குவியப்படுத்தினால் கோடுகள் தாமே நகர்ந்து, பள்ளி ஆய்வகத்தில் நம்மைப் படுத்திய இடமாறு தோற்றப் பிழையைச் சரிசெய்துகொள்ளும்.

கொடுத்த விலை என்ன? முன்பு அளப்பதற்கு ஒரு பெருக்கம், அமைப்பதற்கு வேறொரு பெருக்கம் இருந்தன. இப்போது ஒரே சாளரம், ஒரே பெருக்கம், இரண்டு எசமானர்கள். எம்3இன் இடைநீளம் 68.5 மில்லிமீட்டர், 0.91ஆல் பெருக்கினால் சுமார் 62. முன்னே நினைவில் வைக்கச் சொன்ன 58ஐவிட அதிகந்தான், ஆனால் பெரிதாக அதிகமில்லை. அந்தப் பெருக்கத்தைக் காப்பாற்றியதால் சாளரத்துக்குள் 50ஐவிட அகலமான சட்டம் அடங்கவில்லை. 35 மில்லிமீட்டர் விரும்பிகளுக்கு லென்ஸின் தலையிலேயே ஒரு மூக்குக்கண்ணாடியை மாட்டி விற்றார்கள். அது சாளரத்தின் காட்சியை அகலப்படுத்தும். பார்க்க விநோதமாக இருக்கும். பிறகு 1957இல் எம்2 வந்தது: பெருக்கம் 0.72, சட்டங்கள் 35, 50, 90. அகலம் கிடைத்தது, அளவையின் நுட்பம் 49 மில்லிமீட்டராக இறங்கியது. அதன்பின் வந்த லைக்கா வரலாறெல்லாம் இந்த ஒரு பேரத்தின் தொடர்ச்சி என்றே சொல்லிவிடலாம். 1980இல் 28க்கும் 75க்கும் கோடுகள் சேர்ந்தன. சாளரம் ரயில்வே அட்டவணைபோல ஆனது. 1990களின் இறுதியில் 0.85ம், 2000இல் 0.58ம் விருப்பத்தேர்வுகளாக வந்தன. பின்னது கண்ணாடி அணிந்தவர்களுக்குப் பெரும் உதவி. சாளரத்திலிருந்து அரை விரல் தள்ளி நிற்கும் கண்ணுக்கு 0.72இல் 28இன் கோடுகள் தெரியவே தெரியாது. இலக்கிய வாசகர்களில் கண்ணாடி அணியாதவர் யார்? ஜப்பானியர்கள் வேறு வழியில் போனார்கள். 1958இன் நிக்கான் எஸ்3, 1959இன் கேனன் பி இரண்டும் முழுமையான 1.0 பெருக்கத்தைத் தந்தன. உலகம் உள்ளது உள்ளபடி தெரிந்தது. ஆனால் 35இன் கோடுகளைக் காணச் சாளரத்தின் ஓரத்துக்குக் கண்ணை உருட்டவேண்டியிருந்தது.

எண்களால் சலிப்புற்றவர்களுக்கு நங்கநல்லூரிலிருந்தே ஓர் அளவுகோல் தருகிறோம். இங்குள்ள ஆஞ்சநேயரின் உயரம் 32 அடி. அவ்வளவு உயரமுள்ள ஓர் உருவம் திறந்த வெளியில் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காமிராவைச் செங்குத்தாகப் பிடித்து உச்சி முதல் பாதம் வரை சட்டத்தை நிறைக்க 35 மில்லிமீட்டர் லென்ஸோடு சுமார் 31 அடி தள்ளி நிற்க வேண்டும். 50 என்றால் 44 அடி. 90 என்றால் 80 அடி. 135 என்றால் 120 அடி. நான்கு படங்களிலும் உருவம் ஒரே உயரந்தான். ஆனால் முதலாவதில் நீங்கள் காலடியில் அண்ணாந்து நிற்கும் பக்தர். கடைசியில் தெருக்கோடியில் நின்று பார்க்கும் வழிப்போக்கர். 0.91 சாளரத்தில் 135இன் சட்டம் ஒரு தபால்தலை என்றால், 0.72இல் அது தபால்தலையின் மீதுள்ள முத்திரை. நீண்ட லென்ஸ் விரும்பிகள் 1960களில் கூட்டமாக எஸ்.எல்.ஆருக்குக் கட்சி மாறியதில் வியப்பில்லை.

நம் வீடுகளுக்கு வந்த ரேஞ்ச்பைண்டர்கள் லைக்காக்கள் அல்ல. 1966இல் வெளியான யாஷிகா எலெக்ட்ரோ 35 போன்றவை, வெளிநாட்டிலிருந்து திரும்பிய மாமாவின் பெட்டியில் வந்தவை. அதில் லென்ஸைக் கழற்ற முடியாது; 45 மில்லிமீட்டர்தான், ஒரே சட்டந்தான். எந்த லென்ஸ் என்ற தவிப்பே இல்லாமல், அகலம் வேண்டுமானால் பின்னால் நட, முகம் வேண்டுமானால் முன்னால் நட என்று அது கட்டளையிட்டது. அந்த மஞ்சள் கோடுகளுக்கு வெளியே யாரோ ஒரு சித்தப்பா எப்போதும் நின்றுகொண்டிருப்பார். பல குடும்ப ஆல்பங்களில் அவர் பாதியாக இடம்பெற்றிருக்கிறார். கோடுகள் கிட்டத்துக்காகக் கணிக்கப்படுவதால் தூரத்தில் நிற்பவர்களைப் பிலிம் கோட்டையும் தாண்டிச் சற்றுப் பிடித்துவிடும் என்பதுதான் காரணம்.

எம்3 வந்த பிறகு கார்த்தியே-பிரெஸ்ஸோனும் அதற்கு மாறினார். பிற்காலப் படங்களைப் பற்றி அந்தப் புகழுரையைச் சொன்னால் நாம் மறுக்கப்போவதில்லை. ஆனால் பின்னால் வந்த கருவியின் குணத்தை முன்னால் எடுத்த படங்களின்மேல் ஏற்றுவது வரலாறாகாது. திருவண்ணாமலைப் படங்களின் ஓரங்கள் அவ்வளவு உறுதியாக இருப்பது, ஓரங்களுக்கு அப்பால் எதையும் காட்டாத ஒரு குழலின் வழியே எடுக்கப்பட்டதால்கூட இருக்கலாம்.

ஏப்ரல் 14ஆம் நாள் இரவைப் பற்றிச் சொல்ல ஒன்று மிச்சமிருக்கிறது. அன்று அவர் ஆசிரமத்தருகே தங்கியிருந்த வீட்டின்முன் திறந்த வெளியில் இருந்தார். வானத்தைப் பார்க்கும்படி நண்பர்கள் காட்டினார்கள். ஒளிவால் நீண்ட ஒரு விண்கொள்ளி தெற்கிலிருந்து மெல்ல நகர்ந்து, அருணாசலத்தின் உச்சியை எட்டி அதன் பின்னால் மறைந்ததைக் கண்டதாக அவர் சாட்சியம் சொல்லியிருக்கிறார். அதற்குப் படம் இல்லை, அவருடைய சொற்கள்தாம் இருக்கின்றன. உடனே கடிகாரத்தைப் பார்த்தார்கள். மணி 8.47. ஆசிரமத்துக்கு ஓடிச் சென்றபோது ரமணர் அதே நிமிடத்தில் அடங்கியிருந்தது தெரியவந்தது.